படத்துக்குப் பெயர் சொல்லும் நெட்வொர்க் நம் மனதைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: உளவியல் முதுகலை ஆய்வுக்காக, மொழியும் பார்வையும் எப்படி இணைகின்றன என்பதை நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்பணுக்களைப் போலச் சிறு கணக்கிடும் அலகுகளைக் கோத்து, உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி நிரல்) வைத்து மாதிரியாக்க நினைக்கிறீர்கள். படங்களையும் வாக்கியங்களையும் சேர்த்துப் பழகிய பெரிய மாதிரிகள் இன்று எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விவரணை எழுதிவிடுகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து "மனித மனமும் இப்படித்தான் செய்கிறது" என்று எழுதலாமா, அல்லது சின்னதாகச் சொந்தமாக ஒன்றைக் கட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பதையும் சொல்வதையும் ஓர் இயந்திரத்தால் இணைக்க முடியுமா என்பது முதலாவது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது, முடியும். அந்த இணைப்பு நம் தலைக்குள் நடப்பதற்கு விளக்கமாகுமா என்பது இரண்டாவது. அங்கேதான் நிதானம் வேண்டும். சரியாகப் பெயர் சொல்வது இந்தக் கேள்விக்குச் சாட்சியே ஆகாது. எங்கே, எப்படித் தப்புகிறது என்பதுதான் சாட்சி என்பது என் கட்சி. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாதிரிகளைக் கட்டுகிற பக்கத்தில் பயிற்சி பெற்றவன். மூளை ஸ்கேன் ஆய்வுகளை வாசகனாக மட்டுமே அறிவேன்.

சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற அடிப்படைச் சிக்கலைத் தெளிவாக முன்வைத்தவர் அறிதலியல் ஆய்வாளர் ஸ்டீவன் ஹார்னட், 1990இல். ஒரு சொல்லுக்கு வேறு சொற்களாலேயே பொருள் சொல்லிக்கொண்டு போனால் எங்குமே தரை தட்டாது என்றார். சீனம் தெரியாதவர் சீன-சீன அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சீனம் கற்கப் பார்ப்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். சில சொற்களாவது புலன்கள் தரும் அனுபவத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும், அந்த ஊன்றும் வேலைக்கு நியூரல் நெட்வொர்க் பொருத்தமான கருவி என்றும் அவரே முன்மொழிந்தார். ஆக, உங்கள் யோசனை புதிதல்ல, முப்பது வருடங்களுக்கு மேல் பழையது. இது உங்களுக்கு நல்ல செய்திதான், பார்த்து ஒதுங்க வேண்டிய குழிகளெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை.

முதலில் இன்றைய பெரிய மாதிரிகள். 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப் (CLIP) என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் திரட்டிய 40 கோடி படம்-வாக்கிய ஜோடிகளில் அது பழகியது. படத்துக்கு ஒரு நெட்வொர்க், வாக்கியத்துக்கு ஒரு நெட்வொர்க். இரண்டும் தமக்கு வந்ததை ஒரே நீளமுள்ள எண்வரிசையாக, அதாவது வெக்டராக மாற்றுகின்றன. ஒரே தடவையில் 32,768 ஜோடிகளைக் கலைத்துக் கொடுத்து, எந்தப் படத்துக்கு எந்த வாக்கியம் என்று பொருத்தச் சொல்கிறார்கள். சரியான ஜோடியின் வெக்டர்கள் நெருங்கவேண்டும், மற்றவை விலகவேண்டும். பயிற்சி அவ்வளவுதான். இப்போது இந்தப் பணிக்கு என்னவெல்லாம் தேவை என்று யோசித்துப் பாருங்கள். அந்த 32,768 வாக்கியங்களில் ஒன்று மட்டும் குதிரையையும் கூடாரத்தையும் பற்றிப் பேசினால், படத்தில் குதிரையும் கூடாரமும் இருப்பது தெரிந்தாலே போதும். குதிரை கூடாரத்துக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று தெரிய வேண்டிய அவசியமே வராது. அவசியம் இல்லாததை நெட்வொர்க் கற்காது.

இது வெறும் ஊகமில்லை. 2022இல் வினோகிரவுண்ட் என்ற சோதனைத் தொகுப்பு வந்தது. 400 உருப்படிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு படம், இரண்டு வாக்கியம். இரு வாக்கியங்களிலும் அதே சொற்கள்தாம், வரிசை மட்டும் வேறு. செடிகள் பல்பைச் சூழ்ந்திருக்கும் படம் ஒன்று, பல்பு செடிகளைச் சூழ்ந்திருக்கும் படம் இன்னொன்று என்கிற மாதிரி. மனிதர்களுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. அப்போது சோதித்த மாதிரிகளோ கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்வதைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை, கிளிப்பும் சேர்த்துத்தான். அந்தத் தொகுப்பில் சில படங்கள் மனிதருக்கே குழப்பமானவை என்று பிறகு விமர்சனம் வந்தது, அது நியாயமான விமர்சனம். அப்புறம் வந்த மாதிரிகள் முன்னேறியும் இருக்கின்றன. ஆனாலும் பொருத்தும் பயிற்சி மட்டுமே பெற்ற மாதிரிகள் வாக்கியத்தைப் பெரும்பாலும் ஒரு சொல்மூட்டையாகத்தான் நடத்துகின்றன என்பதை வேறு சோதனைகளும் காட்டியுள்ளன. இதை உறுதியான பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் மாதிரிகளின் கதை இன்னும் சுவையானது. படங்களைப் பற்றிய கேள்வி-பதில்களைத் திரட்டி 2015இல் வந்த விக்யூஏ (VQA) தொகுப்பை 2017இல் ஒரு குழு அலசிப் பார்த்தது. "இது என்ன விளையாட்டு" என்று தொடங்கும் கேள்விகளுக்கு, படத்தைத் திறக்காமலே "டென்னிஸ்" என்று சொன்னால் 41 சதவீதம் சரி. "எத்தனை" என்றால் "இரண்டு" என்று சொல்லுங்கள், 39 சதவீதம் சரி. "தெரிகிறதா" வகைக் கேள்விக்கு மிச்சத்தைப் படிக்காமல் "ஆம்" என்றால் 87 சதவீதம்! காரணம் எளிது. படத்தில் கடிகாரம் இருப்பதைப் பார்த்தவர்தான் "கடிகாரம் தெரிகிறதா" என்று கேட்கத் தோன்றி எழுதியிருக்கிறார். மாதிரி மொழியின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, பார்ப்பதாகப் பாவனை செய்தது. இந்தத் துறையில் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது, படத்தை மறைத்துவிட்டு ஓட்டிய சோதனை எங்கே இருக்கிறது என்பதைத்தான். அது இல்லாத முடிவுகளை நான் நம்புவதில்லை.

இப்போது பழைய, சின்ன நெட்வொர்க்குகளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், மனதைப் பற்றி நமக்குக் கற்றுக்கொடுத்தவை அதிகமும் இவைதான். டெரி ரெஜியர் 1990களில் செய்த வேலையை அவசியம் படியுங்கள். கணினித் திரையில் இரண்டு உருவங்கள். ஒன்று இன்னொன்றுக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடச்சொற்களைக் கற்பதுதான் பணி. உலக மொழிகள் இடத்தை ஒரே மாதிரி பிரிப்பதில்லை. ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும். ஜெர்மன் மொழி, மேசைப் பரப்பா சுவர்ப் பரப்பா என்று பார்த்து இரண்டாகப் பிரிக்கும். ஒரே நெட்வொர்க் ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம், மெக்சிகோவின் மிக்ஸ்டெக் என்று எதில் பழக்கினாலும் அந்தந்த மொழியின் பிரிவினையைக் கற்கவேண்டும் என்பது ரெஜியரின் இலக்கு. அதற்காக நெட்வொர்க்கின் அமைப்பிலேயே மனிதப் பார்வையிலிருந்து எடுத்த சில அம்சங்களை வைத்தார்: ஒரு உருவத்தின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையத்துக்குப் போகும் திசை, மிக அருகிலுள்ள புள்ளிகளுக்கு இடையிலான திசை, தொடுகை இருக்கிறதா இல்லையா. எதையும் கற்கக்கூடிய வெற்று நெட்வொர்க்கை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். எதை வேண்டுமானாலும் கற்கும் மாதிரி எதையும் விளக்குவதில்லை என்பது அவர் வாதம். எனக்கும் அதே கருத்துதான்.

அவர் சந்தித்த இன்னொரு சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைக்கு யாரும் "இது மேலே இல்லை, இது உள்ளே இல்லை" என்று பட்டியல் போட்டுச் சொல்வதில்லை. சரியான உதாரணங்கள் மட்டுமே கேட்கக் கிடைக்கின்றன. அப்படியிருக்க, சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ரெஜியர் எளிமையான ஒரு வழி செய்தார். ஒரு சொல்லுக்கு வரும் ஒவ்வொரு சரியான உதாரணத்தையும் மற்ற எல்லாச் சொற்களுக்கும் எதிர் உதாரணமாக எண்ணிக்கொள், ஆனால் மிகப் பலவீனமான எதிர் உதாரணமாக. முழு வலுவோடு எண்ணினால், ஒரே காட்சிக்குப் பொருந்தும் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். பலவீனமாக எண்ணினால் எல்லைகளும் உருவாகின்றன, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவும் இடம் கிடைக்கிறது. குழந்தைகள் உண்மையிலேயே இதைத்தான் செய்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி என்ன, இந்த விடை எப்படித் தவறாகலாம் என்பதெல்லாம் மாதிரியைப் பார்த்தாலே தெரிகிறது. 40 கோடி படங்களில் பழகிய மாதிரியிடம் அந்தத் தெளிவு கிடைக்காது.

கிம் பிளங்கெட்டும் மற்றவர்களும் 1992இல் காட்டியது இதோடு சேரும். புள்ளிகளால் ஆன உருவங்களையும் பெயர்களையும் ஒன்றாகப் பழக்கிய சிறிய நெட்வொர்க் அது. அதன் சொல்லறிவு கொஞ்ச காலம் ஊர்ந்துவிட்டுத் திடீரென்று வேகமெடுத்தது. சொல்வதற்கு முன்பே புரிந்துகொள்ளும் திறன் வந்தது. இரண்டுமே குழந்தைகளிடம் காண்பவை. இரண்டுக்குமே தனியாக எந்த ஏற்பாடும் உள்ளே வைக்கப்படவில்லை.

நீங்கள் ஒரே ஒரு கட்டுரையை ஆழமாகப் படிக்க நேரம் ஒதுக்குவதானால், மார்த்தா ஃபாராவும் ஜேம்ஸ் மெக்லெலண்டும் 1991இல் வெளியிட்டதைப் படியுங்கள். பின்னணி இது: 1984இல் வாரிங்டன், ஷாலிஸ் இருவரும் ஹெர்பஸ் வைரஸால் வரும் மூளை அழற்சியிலிருந்து மீண்ட சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். உயிருள்ளவற்றைப் பற்றிய அறிவு அவர்களுக்குக் கடுமையாகச் சிதைந்திருந்தது, கருவிகள், பொருட்கள் பற்றிய அறிவு பெருமளவு தப்பியிருந்தது. படத்தைக் காட்டினாலும் சரி, பெயரைச் சொல்லி விளக்கம் கேட்டாலும் சரி, அதே நிலைதான். அப்படியானால் மூளையில் உயிருள்ளவற்றுக்கென்று தனி அறை இருக்கிறதா? ஃபாராவும் மெக்லெலண்டும் அகராதி விளக்கங்களை ஆட்களிடம் கொடுத்து, எவை தோற்றத்தைச் சொல்லும் பகுதிகள், எவை பயன்பாட்டைச் சொல்லும் பகுதிகள் என்று அடிக்கோடிடச் சொன்னார்கள். உயிருள்ளவற்றுக்குத் தோற்றத்துக்கும் பயன்பாட்டுக்கும் விகிதம் 7.7க்கு 1. உயிரற்றவற்றுக்கு 1.4க்கு 1. இந்த விகிதத்தை அப்படியே ஒரு நெட்வொர்க்கில் போட்டார்கள். பெயருக்குச் சில அலகுகள், படத்துக்குச் சில அலகுகள், நடுவே பொருளுக்கு 80 அலகுகள். அதில் 60 தோற்றம், 20 பயன்பாடு. உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவு நெட்வொர்க்கில் எங்குமே இல்லை.

அப்புறம் அதைச் சிதைத்தார்கள். தோற்ற அலகுகளை அழித்தால் உயிருள்ளவற்றின் பெயர்கள் சரிந்தன, மற்றவை ஓரளவு நின்றன. பயன்பாட்டு அலகுகளை அழித்தால் உயிரற்றவை மட்டும் பாதிக்கப்பட்டன. இதுவரை எவரும் ஊகித்திருக்கலாம். ஊகிக்கக் கடினமானது அடுத்தது. தோற்ற அலகுகளை மட்டும் அழித்தபோது, உயிருள்ளவற்றின் பயன்பாடு பற்றிய அறிவும் கூடவே விழுந்தது, அந்த அலகுகளை யாரும் தொடாதபோதும். ஏனென்றால் நெட்வொர்க்கில் அலகுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு விலங்கின் பொருளில் பெரும்பகுதி தோற்றம்; அது போனபின் மீதமுள்ள சில அலகுகளைத் தூக்கி நிறுத்த ஆதரவு போதவில்லை. நோயாளிகளிடம் கண்ட புதிருக்கும் இது விடையாக அமைந்தது: பார்வை சார்ந்த அறிவு மட்டும் கெட்டிருந்தால், பார்வை சாராத அறிவும் ஏன் போனது என்ற புதிர். மொழிக்கும் பார்வைக்கும் உள்ள இணைப்பு, பெயரைப் படத்தோடு ஒட்டும் நூல் மட்டுமில்லை, சொல்லின் பொருளே பார்வையால் தாங்கப்படுகிறது என்று இந்த மாதிரி சொல்கிறது.

இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998இல் காரமாஸா, ஷெல்டன் இருவரும் கடுமையாக எதிர்த்தார்கள். சில நோயாளிகளிடம் பாதிப்பு இந்த விளக்கத்துக்குப் பொருந்தவில்லை, விலங்குகள் போன்ற வகைகளுக்குப் பரிணாமமே தனி வழி வகுத்திருக்கலாம் என்றார்கள். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் விவாதம் நடக்க முடிந்ததே மாதிரி தெளிவாக இருந்ததால்தான். 2004இல் ரோஜர்ஸும் மற்றவர்களும் இதே வழியில் இன்னொரு மாதிரி கட்டினார்கள். எல்லாப் புலன்களும் மொழியும் ஒரு மையத்தில் சந்திக்கும் அமைப்பு அது. சொற்களும் பொருட்களும் பற்றிய அறிவு படிப்படியாக அழியும் சொற்பொருள் மறதி நோயில் நோயாளிகள் வாத்துக்கு நான்கு கால் வரைவதுபோன்ற பிழைகளை அது நன்றாக விளக்குகிறது. விலங்கு என்றால் நான்கு கால் என்ற பொதுமை கடைசிவரை தங்குகிறது, வாத்துக்கே உரிய விவரம் முதலில் போய்விடுகிறது.

பெரிய மாதிரிகளையும் சின்ன மாதிரிகளையும் சேர்த்துவைக்கும் முயற்சியாக நான் பார்ப்பது, 2024இல் வோங், லேக் குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. ஒரு குழந்தையின் தலையில் கேமரா பொருத்தி, 6ஆம் மாதம் முதல் 25ஆம் மாதம் வரை அவ்வப்போது எடுத்த பதிவு. மொத்தம் 61 மணி நேரம், சுமார் 37,500 பேச்சுத் துணுக்குகள். கிளிப் போலவே பொருத்தும் பயிற்சி, ஆனால் இந்த ஒரே குழந்தை பார்த்ததும் கேட்டதும் மட்டும். சொல்லைக் கொடுத்து நான்கு படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சுமார் 62 சதவீதம் சரி. குத்துமதிப்பு என்றால் 25. எந்தக் காட்சியோடு எந்தப் பேச்சு வந்தது என்பதைக் கலைத்துப் பழக்கினால் திறன் குத்துமதிப்புக்கு விழுந்துவிடுகிறது. இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது: சில பெயர்ச்சொற்களைக் கற்கும் அளவுக்கு, ஒரு குழந்தையின் அனுபவத்தின் சிறு பகுதியிலேயே தகவல் இருக்கிறது. சொல்ல முடியாதது: குழந்தை அந்தத் தகவலை அப்படித்தான் பயன்படுத்துகிறது என்பது. இந்த மாதிரிக்குப் பேச்சு எழுத்தாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்கோ ஒலி ஓடையாக வருகிறது. குழந்தை கை நீட்டும், எடுக்கும், அம்மா எங்கே பார்க்கிறாள் என்று கவனிக்கும். மாதிரிக்கு இவை எதுவும் கிடையாது. செய்தித்தாள்களில் இது "இயந்திரம் குழந்தைபோல் கற்றது" என்று வந்ததைப் பார்த்திருப்பீர்கள். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆய்வுக்கு இங்கேதான் இடம் காலியாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதுவரை பேசியதெல்லாம் பார்வையிலிருந்து மொழிக்குப் போகும் பாதை. திரும்பி வரும் பாதையும் உண்டு. 1995இல் டேனன்ஹாஸ் குழுவினர் காட்டினார்கள்: வாக்கியம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, அது முடிவதற்குள், கண் உரிய பொருளை நோக்கி நகர்ந்துவிடுகிறது. 2013இல் லுப்யான், வார்ட் இருவரும், ஒரு கண்ணுக்கு மின்னும் கோலங்களைக் காட்டி மறு கண்ணில் உள்ள படத்தை உணராமல் மறைத்துவிட்டு, அதன் பெயரை முன்கூட்டியே ஒலிக்கச் செய்தார்கள். பெயரைக் கேட்டவர்களுக்கு அது புலப்படும் வாய்ப்பு கூடியது. நீலத்தில் இரண்டு வகைக்குத் தனித்தனி அடிப்படைப் பெயர் வைத்திருக்கும் ரஷ்ய மொழியினர், பெயரெல்லையைத் தாண்டும் நீலங்களை வேகமாகப் பிரித்தறிகிறார்கள் என்று 2007இல் விநாவர் குழு கண்டது. கூடவே எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னால் அந்த வேகம் மறைந்துவிட்டது. அதாவது மொழி அந்த நேரத்திலேயே உதவுகிறது. கண் நகர்வு முடிவுகள் பலமுறை உறுதியானவை. நிறத்தைப் பற்றியவை அவ்வளவு உறுதியில்லை. சொல் உண்மையில் பார்வையையே மாற்றுகிறதா, அல்லது பார்த்தபின் எடுக்கும் முடிவை மட்டும் மாற்றுகிறதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. கிளிப்பில் படத்தின் வெக்டர் வாக்கியத்தைக் கேட்காமலே கணக்கிடப்படுகிறது. அதனால் சொல் பார்வையை மாற்றும் எந்த நிகழ்வுக்கும் அது மாதிரியாகவே இருக்க முடியாது. எத்தனை கோடி படம் சேர்த்தாலும் இது மாறாது, ஏனென்றால் குறை தரவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

மூளையோடு ஒப்பிடுவது பற்றி, முன்பே சொன்ன எச்சரிக்கையோடு. 2023இல் ஒரு குழு, கிளிப்பின் உள் வெக்டர்கள் மூளையின் உயர்நிலைப் பார்வைப் பகுதிகளின் செயல்பாட்டை, படங்களில் மட்டும் பழகிய நெட்வொர்க்குகளைவிட நன்றாக ஊகிக்கின்றன என்று காட்டியது. பார்வைக்குள் மொழி புகுந்திருப்பதற்கு ஆதாரம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பழக்கிய படங்களைச் சமமாக வைத்து ஒப்பிட்டபோது மொழியால் வந்த கூடுதல் ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிட்டது என்று 2024இல் கான்வெல் குழு எழுதியது. பெரிய, பலதரப்பட்ட தரவுதான் வேலை செய்திருக்கிறது போலும். உங்கள் ஆய்வை இந்த மணலில் நிறுத்த வேண்டாம் என்பேன்.

ஆக, என்ன செய்யலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரே ஒரு மனித நிகழ்வைத் தேர்ந்தெடுப்பேன். பெயரை முன்கூட்டிக் கேட்டால் மங்கலான படம் எளிதில் புலப்படுவது நல்ல தேர்வு. தேவையான அம்சங்கள் மட்டும் கொண்ட சிறிய நெட்வொர்க் ஒன்றைக் கட்டி, மொழிப் பகுதியிலிருந்து பார்வைப் பகுதிக்குத் திரும்பி வரும் இணைப்பு உள்ள வடிவம், அது இல்லாத வடிவம் என இரண்டாக ஓட்டுவேன். படத்தை மறைத்தும், சொல்லைக் கலைத்தும் ஓட்டுவேன். தொடக்க எடைகளை, அதாவது அலகுகளுக்கு இடையிலான இணைப்புகளின் ஆரம்ப வலுவை, மாற்றிப் பலமுறை ஓட்டி, எல்லா ஓட்டங்களையும் அறிக்கையில் போடுவேன், ஏனென்றால் சின்ன நெட்வொர்க்குகளில் ஒரு ஓட்டத்தில் தெரியும் அழகான முடிவு அடுத்ததில் காணாமல் போவது சகஜம். மனிதர்கள் சராசரியாக எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறார்கள் என்பதோடு மட்டும் ஒப்பிடாமல், எந்தப் படங்களில் அவர்கள் தடுமாறுகிறார்கள், எதை எதாக நினைக்கிறார்கள் என்பதோடு ஒப்பிடுவேன். கிளிப் போன்றவற்றை அப்போதும் பயன்படுத்தலாம். ஆயத்தமான கண்ணாக அவற்றின் பட வெக்டர்களை உங்கள் நெட்வொர்க்குக்கு உள்ளீடாகக் கொடுங்கள், ஆனால் அந்தக் கண் ஏற்கெனவே 40 கோடி வாக்கியங்களோடு பழகியது என்பதை மறந்து "மொழி வருவதற்கு முன்" என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அதற்குப் படங்களில் மட்டும் பழகிய நெட்வொர்க் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். சாதாரணக் கணினியிலேயே நடக்கும் வேலைதான் இது.